இருவருக்குப் பன்னிரண்டு ரொட்டி

இன்று இருந்தவர்கள்: வீட்டில் நானும் பாவாயியும். ஹெட்போனில், பூனாவிலிருந்து, பாவாயியின் அண்ணன் அர்த்தநாரி, எனக்கு மச்சான். கம்ப்யூட்டருக்குள் பனிமலைக் கணவாயில் இரண்டு பேர். என் ஆள் வேலன், மச்சானின் ஆள் அர்த்தநாரி. வேறு பேர் எதற்கு என்று அவர் தன் பேரையே அவனுக்கும் வைத்துவிட்டார். ஓநாய் ஐந்து, ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவை இன்னும் வரவில்லை. ஆக ஆள் ஐந்து, மிருகம் ஐந்து. அடுப்பில் குக்கர் ஒன்று.

பாவாயி பருப்பை ஏற்றிவிட்டு, மொட்டை மாடியில் காயும் மிளகாயைத் திருப்பிவிட்டு வரப் போனாள். படியில் நின்று, "ஏனுங், மூணு விசில் வந்தா அணைச்சிருங். ஒண்ணு கூடினாலும் கூழாப் போயிரும்" என்றாள். எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சங்ககிரியில் லாரி சர்வீஸ் கிடங்கு ஒன்றில் முப்பத்தோரு வருடம் மூட்டை எண்ணினேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, எண்ணுவது நிற்கவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன், பதினெட்டு. பாவாயி இப்போது ஏழாவதில் இருப்பாள், அங்கேதான் செருப்பு ஒரு மாதிரி சத்தம் போடும். விசிலுக்காகவே ஹெட்போனின் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பேன். வலது காதில் மச்சான், இடது காதில் வீடு. மச்சான் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். "என்ன மாப்ள, இன்னும் சோம்பல் முறிக்கிறானா உன்ற ஆளு? எந்திரிச்சு நடக்கச் சொல்லு, பனி மண்டையில ஏறுது." நான் சொன்னேன், விடிந்து வெளிச்சம் கல்லில் விழும்வரை கூடாரத்தை விட்டுக் கிளம்பக்கூடாது, மூன்றாவது விதி. "உன்ற விதியத் தூக்கி அடுப்புல போடு. கேமு செஞ்சவனே ராத்திரியில நடக்கலாம்னு உட்டிருக்கறான், நீ யாரு தடுக்கறதுக்கு?" என்றார். ஆனால் கிளம்பவில்லை, காத்திருந்தார். இருநூற்றுப் பதினான்கு நாளாகத் திட்டிக்கொண்டேதான் காத்திருக்கிறார். விளையாட்டைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் சுலபமாக வைத்துவிட்டார்கள், அதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. வரைபடத்தில் ஓர் ஊரைத் தொட்டால் அந்த ஊரில் நிற்கலாம். சண்டைக்கு நடுவில், கத்தி வயிற்றில் இருக்கும்போதே, பதினைந்து ரொட்டி தின்னலாம். செத்தால் எழுந்துகொள்ளலாம். முதல் வாரம் அப்படித்தான் ஆடினோம். ஒரு மனிதன் கத்திக்குத்து வாங்கிக்கொண்டே பதினைந்து ரொட்டி தின்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் லாரி சர்வீஸ் கொடுத்த பழைய டைரியில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். எங்கே போவதானாலும் நடந்துதான் போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு ரொட்டி, தின்றதும் மற்றவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் நம்ப வேண்டும். சுமக்க முடிந்ததை மட்டும் சுமக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் ஒரு கரண்டியைக்கூட எடுக்கக்கூடாது. சத்திரத்தில் வாரம் ஒரு நாள்தான் ரொட்டி சுடுவார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும், கடைக்காரன் எந்நேரமும் கொடுத்தாலும் சரி. விட்ட அம்பைத் தேடிப் பொறுக்க வேண்டும். ஐந்தாவது: செத்தவன் செத்தவன்தான், சேமித்த இடத்துக்குத் திரும்பக்கூடாது. பதினொன்றாவது, கடைசி: நம் இரண்டு ஆட்களும் இருபது அடிக்கு மேல் பிரிந்திருந்தால் ஹெட்போனில் பேசக்கூடாது, ஏனென்றால் அங்கே கேட்காது. அந்தப் பதினொன்றைச் சொன்ன அன்று மச்சான் வெகுநேரம் சிரித்தார். "ஏப்பா, இங்க ஒம்பதாவது மாடியில காலைல இருந்து பேச்சுக்கு ஆளில்லாமக் கெடக்கறேன். மவனும் மருமவளும் எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான். உன்றகிட்டப் பேசத்தான் இந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்திருக்கறேன், இதுலயும் வாயக் கட்டறயா?" பிறகு கடைப்பிடித்தார். விறகு பொறுக்கத் தனியாகப் போகும்போது பத்து நிமிடம் வலது காதில் ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போது இருபதாவது அடியில் ஆரம்பிப்பார், சரியாக விட்ட வார்த்தையிலிருந்து. எனக்கும் பேச்சுக்கு வேறு ஆள் கிடையாது. அவருக்கு நான்கு கிழவர்கள் இருக்கிறார்கள், கீழே பூங்காவில் சீட்டாடுகிறவர்கள். ஐந்தாவது விதியைக் கேட்ட அன்றே மச்சான் சொல்லிவிட்டார், என் ஆள் செத்தால் பொட்டியை மூடிவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்வேன், இந்தியில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, மறுபடி முதலிலிருந்து நடக்க என்னால் ஆகாது என்று. நான் அதை விதியாக எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, பதினொன்றுக்குக் கீழே, எழுதாத வரியில்.

வெளிச்சம் கல்லில் விழுந்தது. காலை ரொட்டிக்கு முன்னால் கூடாரத்தைச் சுருட்டினேன், முதல் விசில் வந்தது, லாபம் என்று எண்ணினேன். கிடங்கில் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம், பிறகு ரெண்டு, மூணு. அந்த வாய் இன்னும் மாறவில்லை. ஓநாய்கள் மேட்டிலிருந்து இறங்கின. ஐந்து. என்னிடம் ஒன்பது அம்பு. இந்த மாதிரி நேரத்தில் மச்சான் முன்னால் நிற்பார், கேடயத்தைத் தூக்குவார், நான் பின்னாலிருந்து விடுவேன், முப்பது நாற்பது தடவை செய்ததுதான். "வாங்கடா, வாங்க, சங்ககிரிக் கெடங்கு மூட்டை தூக்கின மாப்ள பின்னாடி நிக்கறாரு" என்றார். நான் மூட்டை தூக்கவில்லை மச்சா, எண்ணினேன் என்று திருத்தினேன். "ஆமா, பெரிய வித்தியாசம்." இரண்டு ஓநாய் விழுந்தது. அப்புறம் அவர் குரல் சிறிதாகி, "கேடயம் ஏறல மாப்ள" என்றார். பட்டனை அழுத்துங்க என்றேன். "அழுத்தித்தான் இருக்கறேன், கை தூக்க மாட்டேங்குது." அவருடைய கீபோர்டில் டீ கொட்டிய இடத்தில் ஒரு பட்டன் ஒட்டிக்கொள்ளும், அதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, டீயை நினைத்தேன், அவர் மருமகள் அதற்காகத் திட்டியதை அவர் சொல்லிக் காட்டியதை நினைத்தேன், அந்த நினைப்பில் ஓர் அம்பு பனியில் போயிற்று. ரெண்டாவது விசில். மூன்றாவது ஓநாய் விழுந்தது, நான்காவது விழுந்தது, ஐந்தாவது அவர் கழுத்தில் இருந்தது. கடைசி அம்பில் அதுவும் விழுந்தது, ஆனால் அதற்குள் திரையின் நடுவில் சிவப்பில் ஆங்கிலம் வந்துவிட்டது. எனக்கு ஆங்கிலம் ஓட்டமாக வராது, எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். முதல் சொல்லைக் கூட்டினேன், அர்த்தநாரி. இரண்டாவதைக் கூட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, ஆனாலும் கூட்டினேன், பாதியில் விட என்னால் முடியாது. இறந்தார். மாடியில் அவர் தங்கச்சி மிளகாயைத் திருப்புகிற முறத்தின் சத்தம் சரசரவென்று கேட்டது.

வலது காதில் ஒன்றும் இல்லை. மச்சா என்று கூப்பிட்டுவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டேன். செத்தவன் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான்? இருபதுக்கு மேல்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் பதினொன்றாவது விதி. அவர் பேசாமல் இருப்பது அந்த விதிக்காக இருக்கலாம். அல்லது பொட்டியை மூடிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கலாம், லிஃப்டில் இறங்கிக்கொண்டிருக்கலாம், ஒன்பது, எட்டு, ஏழு. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று ஹெட்போனை அமுக்கிக்கொண்டு கேட்டேன். காற்று மாதிரி ஏதோ இருந்தது, ஆனால் அது விளையாட்டுக்குள் பனிக்காற்றாகவும் இருக்கலாம். பேச முடியாதபடி ஒரு விதியை நானே எழுதி, அதை நம்பாத ஒருவரை நம்ப வைத்து, இப்போது அவர் அதைக் காக்கிறாரா விட்டுவிட்டாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். போன் மேசையில்தான் இருந்தது. நானாக யாருக்கும் போன் செய்து பழக்கமில்லை. எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்பதிலேயே நின்றுவிடுவேன். கிடங்கில்கூட லாரி வரவில்லை என்றால் வரும்வரை காத்திருப்பேன், போன் போட்டுக் கேட்கிறவர்கள் வேறு ஆட்கள்.

செத்தவன் பையை எடுப்பது தப்பில்லை, அது கரண்டி விதியில் வராது, துணைக்கு வந்தவன்தான் எடுக்க வேண்டும். ரொட்டியெல்லாம் அவர் பையில்தான், பலசாலி என்று பாரத்தை அவர் சுமந்தார். திறந்து எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு. டைரியைப் பார்த்தேன். சத்திரத்தில் வாங்கியது பன்னிரண்டு. கணவாயைக் கடக்க மூன்று நாள், ஆறு வேளை, இரண்டு பேர், பன்னிரண்டு. செவ்வாய் காலை, இரவு, புதன் காலை, இரவு, நான்கு வேளை முடிந்தது, எட்டு போயிற்று, மிச்சம் நான்கு. பையிலும் நான்கு. கணக்கு சரி. ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், மச்சான் பனியில் கிடக்கும்போது நான்கு நான்கோடு பொருந்தியதில் எனக்கு நிம்மதி. பிறகு பக்கத்தின் தலைப்பில் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது, என் கையெழுத்துத்தான். புறப்பாடு, திங்கள் இரவு, சாப்பாடு ஆச்சு. அதை மேலே தனியாக எழுதியிருந்தேன், கோட்டுக்கு மேலே. லாரி புறப்படுகிற ராத்திரியை நாங்கள் வழிக்கணக்கில் சேர்க்க மாட்டோம், டிரைவர் கிடங்கிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார், அது கிடங்குச் சாப்பாடு. வழிச்சாப்பாடு மறுநாள் காலையிலிருந்து. முப்பத்தோரு வருடம் அப்படித்தான் கோடு போட்டேன். ஆனால் திங்கள் இரவு நாங்கள் சத்திரத்தில் சாப்பிடவில்லை. அடிவாரத்தில் தீ மூட்டி, பையிலிருந்து, ஆளுக்கு ஒரு ரொட்டி தின்றோம். நான் தின்றேன். அவர் அன்றைக்கு வேலனின் தாடியைக் கேலி செய்தார், நனைந்த ஆடு மாதிரி இருக்கிறது என்றார், அதுகூட நினைவிருக்கிறது. அப்படியென்றால் ஏழு வேளை, பதினான்கு வேண்டும். அப்படியென்றால் இதுவரை ஐந்து வேளை, பத்து போயிருக்க வேண்டும், பையில் இரண்டுதான் இருக்க வேண்டும். நான்கு இருக்கிறது. கணக்கு சரியாக இருப்பதுதான் தப்பு.

அவர் இரண்டு வேளை தின்னவில்லை. எந்த இரண்டு என்று திரும்பிப் போய்த் தேடினேன். செவ்வாய் இரவு, "ஆச்சு ஆச்சு, நீ தின்னு" என்று சீக்கிரமாகச் சொன்னார். புதன் இரவு, நான் கேட்பதற்கு முன்பே, "தின்னுட்டேன்யா, ஏப்பம்கூட உட்டுட்டேன், கேக்கறயா?" என்றார், பொய் ஏப்பம் ஒன்றும் விட்டார். சொன்னால் நம்ப வேண்டும், நான்காவது விதி, நம்பினேன். பை அவரிடம் இருந்தது. முதல் நாள் இரவே அவர் எண்ணியிருப்பார், எண்ணுகிற ஆள் இல்லை அவர், ஆனால் பன்னிரண்டை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். மாப்ள கணக்குத் தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு வாரம் கேலி செய்யலாம், அவருக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது. சொல்லவில்லை. என் டைரியில் வரும் எண்ணும் பையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக வரும்வரை தின்னாமல் இருந்திருக்கிறார். பசித்த ஆளுக்குக் கை தூக்காது என்பதும் நாங்களே முடுக்கி வைத்ததுதான், விளையாட்டின் செட்டிங்கில் அதற்கென்று ஒரு திருகு இருக்கிறது, நான்தான் அதைக் கடைசி வரை திருப்பினேன். கேடயம் ஏறல மாப்ள. நான் டீயை நினைத்தேன். மூணாவது விசில் வந்ததா? ஏதோ வந்தது போலவும் இருந்தது. என் கல்யாணத்துக்குப் பந்திக்கு நானூற்றுப் பன்னிரண்டு இலை அறுத்தேன், மாப்பிள்ளை இலை எண்ணக்கூடாது என்றார்கள், கேட்கவில்லை, முந்தின நாளே எண்ணி நனைத்த சாக்கில் மூடினேன். கடைசிப் பந்தி முடிந்தபோது ஓர் இலை மிஞ்சியது. யாரோ வரவில்லை, மற்றபடி கணக்குச் சரி என்று முப்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மச்சான் அன்றைக்குக் காலையிலிருந்து ரசவாளியோடு நின்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், ஆச்சு ஆச்சு என்றார். சோறு அன்றைக்குப் பற்றாமல் போயிருந்தது என்று பாவாயி எப்போதோ சொன்னாள், அதையும் இலையையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. சேர்க்க வேண்டும் என்று இப்போதும் கட்டாயமில்லை. இலை ஒன்று, அவ்வளவுதான்.

சிவப்பு எழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகத் தூங்கின இடத்துக்குப் போகலாம் என்கிற பொத்தான். அதை அழுத்தினால் புதன் இரவு, கூடாரம், அவர் உயிரோடு இருப்பார், பையில் நான்கு ரொட்டி இருக்கும். மச்சா, ரெண்டு தின்னுங்க, விதியாவது மண்ணாவது என்று சொல்லலாம். அவர் பூங்காவுக்குப் போக மாட்டார். தப்பு என்னுடையது, சாவு மட்டும் அவர் தலையில் விழுவது எந்த ஊர் நியாயம்? மவுஸ்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அழுத்திவிட்டால் அவர் தின்னாத இரண்டு வேளையும் கூடவே அழிந்துவிடும், அதுதான் திரும்பத் திரும்ப இடித்தது. எழுந்துகொள்ளலாம் என்றால் அவர் பசித்துக் கிடந்ததற்குக் கணக்கில்லை. எழுந்துகொள்ள முடியாது என்று நினைத்துத்தானே கிடந்தார், ஐந்தாவது விதியை அவர் எனக்காக நம்பினாரே. அழுத்தாவிட்டால் வலது காது நாளையிலிருந்து இப்படித்தான் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன், இதை எண்ண எனக்குத் தெரியவில்லை. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேலன் பனியில் நின்றான். பக்கத்தில் அர்த்தநாரி. விளையாட்டில் புதைக்க வழியில்லை, கல்லை எடுத்து ஒவ்வொன்றாக அவன்மேல் போட்டேன், பதினாறு கல். அம்பு பொறுக்கினேன், ஒன்பதில் ஏழு கிடைத்தது.

படியில் பாவாயியின் செருப்பு, அவசரமாக. "ஏனுங்! நாலு விசில் வந்துருச்சே, காது எங்க போச்சு உங்களுக்கு?" அடுப்பை அணைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள், கையில் மிளகாய் நெடி, காதில் போன். நான்கா என்றேன். "நாலு. நானே மாடியில இருந்து எண்ணிட்டேன், உங்களுக்கு என்னாச்சு?" அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அண்ணன் கூப்புடறான். செத்தவன் தங்கச்சி மூலமாப் பேசலாமா, அதுக்கு விதி இருக்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்றான். இதென்னங்க பேச்சு? பட்டப்பகல்ல எங்கண்ணன் செத்துட்டான்னு எங்கிட்டயே சொல்லுவீங்களா ரெண்டு பேரும்?" டைரியைப் பார்த்தேன். பதினொன்றையும் மேலிருந்து கீழே படித்தேன். அப்படி ஒரு விதி இல்லை. இல்லைன்னு சொல்லு என்றேன். "இல்லியாமா, பேசலாங்கறாரு." கொஞ்சம் கேட்டாள், சிரிப்பை அடக்கினாள். "புதுசா ஓர் ஆளச் செஞ்சுட்டானாமா. பேரு சின்ன அர்த்தநாரியாமா. கப்பல்தொறையில நிக்கறானாமா, கையில ஒண்ணுமில்லியாமா, ஜட்டியோட நிக்கறானாமா. அடக் கருமமே." சீட்டாடப் போகலியான்னு கேளு என்றேன், அவள் கேட்டாள். "அவனுக சீட்டுல திருடறானுகளாமா, உங்கள மாதிரி ஓர் ஆளு அங்க இல்லியாமா." பிறகு, "நீங்க மலைக்கு அந்தப் பக்கம் எறங்கறீங்களா, திரும்பி வாறீங்களான்னு கேக்கறான். திரும்பறதுன்னா அவன் சத்திரத்துக்கு நடந்து வந்துருவானாமா. நடந்தே வருவேன், மாப்ளைக்கு அதச் சொல்லுங்கறான்."

புது ஆட்கள் தொடங்குகிற அந்தத் துறையிலிருந்து சத்திரத்துக்கு இரண்டு நாள். இங்கிருந்து சத்திரத்துக்கு இரண்டு நாள். வியாழன் காலை, இரவு, வெள்ளி காலை, இரவு, நான்கு வேளை, புறப்படுகிற வேளையையும் சேர்த்து, கோட்டுக்குக் கீழேயே எழுதினேன். ஓர் ஆள், நான்கு ரொட்டி. அந்தப் பக்கம் இறங்குவதென்றால் இரண்டு போதும். திரும்புவதென்றால் நான்கு வேண்டும், அவர் தின்னாத இரண்டையும் சேர்த்தால்தான் வரும். சத்திரத்தில் அடுத்த ரொட்டி திங்கட்கிழமை. வெள்ளி இரவு அவர் வெறும் கையோடு, இரண்டு நாள் நடந்து, சத்திரத்துக் கதவைத் தட்டுவார். திரும்பி வர்றேன்னு சொல்லு என்றேன். "திரும்பி வாறாராமா." அவள் போகத் திரும்பி, மறுபடி நின்றாள். "இன்னொண்ணு கேக்கறான், காலையில தின்னாச்சான்னு. அதச் சொல்லோணுமாம், நாலாவது விதியாம்." பை திறந்துதான் இருந்தது. முதல் ரொட்டியின் மேல் விரலை வைத்தேன், பிறகு பையை மூடினேன்.

"தின்னுட்டேன்னு சொல்லு."

"தின்னுட்டாராமா" என்று போனில் சொல்லிக்கொண்டே அவள் கூழாய்ப் போன பருப்பைப் பார்க்கப் போனாள். நான் டைரியில் எழுதினேன்: வியாழன் காலை, ஆச்சு. மிச்சம் ரொட்டி நான்கு.